கட்டத்துக்கு வெளியே விழுந்த சொல்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு காகிதத் துண்டை நாலாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் செருகினால் ஆட்டம் நின்றுவிடும். நீங்கள் சம்மதித்தால் நானே செய்துவிடுகிறேன். சரி, இப்போது பாருங்கள், ஆடவில்லை. இனி நிதானமாகப் பேசலாம்.

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். நான் மெதுவாகவே பேசுகிறேன். ஒரு சொல்கூட விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொல் விட்டுப்போவதைப் பற்றித்தான் நான் சொல்லப்போவதே.

நான் வேலை பார்த்தது ஒரு பெரிய மருத்துவமனையின் ஆவணப் பிரிவில். நோயாளி குணமாகி வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் கையில் ஒரு தாள் கொடுப்போம். வீட்டுத்தாள் என்று அதற்குப் பெயர். எந்த மருந்தை எப்போது சாப்பிடுவது, எதை நிறுத்துவது, எப்போது திரும்பி வருவது எல்லாம் அதில் இருக்கும். மருத்துவர் கணினியில் சில பொத்தான்களை அழுத்துவார். என் மென்பொருள் அதைத் தமிழ் வாக்கியமாக்கி, கட்டம் போட்டு, அச்சுக்கு அனுப்பும். இடப்பக்கக் கட்டத்தில் மருந்தின் பெயர், வலப்பக்கக் கட்டத்தில் அதற்கான குறிப்பு. அந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றையும் எழுதியது நான். ‘கூடாது’ என்று ஓர் இடத்திலும் எழுதியதில்லை. உடம்பு முடியாதவர்களை அதட்டுவது போல் இருக்கும். ‘வேண்டாம்’ என்றுதான் எழுதினேன், மரியாதையாக. அதில் எனக்குப் பெருமை உண்டு. மறைக்க மாட்டேன்.

இப்போது கொஞ்சம் தொழில் விஷயம். பயப்படாதீர்கள், சுருக்கமாக முடித்துவிடுகிறேன். எந்த மென்பொருளையும் ஒருவரே முழுக்க எழுதுவதில்லை. யார் யாரோ எழுதி வைத்த துண்டுகளை எடுத்துச் சேர்த்துக்கொள்வோம். பேக்கேஜ் என்போம். என் மென்பொருளில் ஒரு பேக்கேஜ் நீளமான வாக்கியத்தை இரண்டு வரியாக மடிக்கும். இன்னொன்று கட்டத்தின் உயரத்தைக் கணக்குப் பார்த்துத் தாளாக்கும். இரண்டுக்கும் எழுத்தின் அகலத்தை அளந்து சொல்ல, மூன்றாவதாக ஒரு குட்டி பேக்கேஜ் வேண்டும். வம்பு அங்கேதான். மடிக்கிற பேக்கேஜுக்கு அந்தக் குட்டியின் புது வெர்ஷனும் சரி, பழையதும் சரி. கட்டம் போடுகிற பேக்கேஜுக்குப் பழையதுதான் ஒத்துப்போகும். ஒரே சமையலறையில் இரண்டு மருமகள்கள், கத்தி மாட்ட இருப்பது ஒரே ஆணி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

புதியதை மாட்டினால் சண்டைச் சத்தம் வெளியே கேட்காது. கணினி எச்சரிக்காது. வேலை முடிந்தது என்று பச்சை எழுத்தில் சொல்லும். ஆனால் கட்டம் ஒரு வரி உயரத்துக்குத்தான் வரும். மடிந்து இரண்டாம் வரிக்கு இறங்கிய சொல் கட்டத்துக்கு வெளியே விழுந்து காணாமல் போகும். தாளைப் பார்த்தால் துடைத்து வைத்தது போல இருக்கும்.

நம் மொழியில் வாக்கியத்தின் வாலில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். செய்யச் சொல்கிறோமா, செய்யாதே என்கிறோமா என்பதே அங்கேதான் இருக்கிறது. ‘கொடுக்க வேண்டாம்’ என்பதில் கடைசிச் சொல் விழுந்தால் ‘கொடுக்க’ என்று நிற்கும். பாதி வாக்கியம் என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ‘மறுபக்கம் பார்க்க’, ‘கையொப்பம் இடுக’ என்றுதானே அலுவலகத் தாள்கள் எல்லாம் பேசுகின்றன. கொடுக்க என்று போட்டிருந்தால் கொடுத்துவிடுவார்கள்.

இந்த வம்பை நான் ஆரம்ப காலத்திலேயே, சோதனை ஓட்டத்தில், கண்டுபிடித்துவிட்டேன். அந்தக் குட்டி பேக்கேஜைப் பழைய வெர்ஷனிலேயே பூட்டி வைத்தேன். பூட்டு என்றால் ஒரே ஒரு வரி. இந்த வெர்ஷன்தான், வேறு எதுவும் உள்ளே வராது என்று கணினிக்குச் சொல்லும் வரி. பக்கத்திலேயே காரணத்தையும் எழுதி வைத்தேன். இதோ இந்தக் காலடியில் செருகிய காகிதம் மாதிரிதான். இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது, எடுத்தால்தான் தெரியும். இப்படி நான் அங்கங்கே பூட்டிக்கொண்டே இருந்ததால் பிரிவில் எனக்குப் ‘பூட்டக்கா’ என்று பெயர் வந்தது. முதலில் அது செல்லப் பெயர்தான்.

மாப்பிள்ளை வந்த பிறகுதான் அது கேலிப் பெயரானது. மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். அலுவலகத்திலும் எல்லாரும் அவரை அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். “அக்கா, அவருக்காக உங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லேன்” என்று தங்கை கேட்டாள். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை வாரிவிட்டதிலிருந்து கல்யாணம் பண்ணிவைத்தது வரை எல்லாம் நான்தான். அவள் கேட்டு நான் இல்லை என்றதில்லை. சொன்னேன், கிடைத்தது.

கெட்டிக்காரர்தான். வாய்ச் சாமர்த்தியமும் உண்டு. எதிலும் புதிய வெர்ஷன் வேண்டும் அவருக்கு. போன், செருப்பு, பேச்சு எல்லாமே. நிர்வாகிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கொஞ்ச நாளில் எனக்கு மேலே அவரை உட்காரவைத்தார்கள். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பிரிவுத் தலைவராக அவர் கூட்டிய முதல் கூட்டத்தில், எல்லார் முன்னாலும் இப்படிச் சொன்னார்: “நம்ம பூட்டக்கா எல்லாத்தையும் பூட்டி, சாவியத் தலகாணிக்கு அடியில வச்சுட்டுத் தூங்குறாங்க. இனிமே கதவெல்லாம் தொறந்துதான் இருக்கும்.” கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அதற்கும் சிரிப்பார்கள்.

அந்த வாரமே என்னை அச்சுப்பொறி இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். வெளியே வரும் வீட்டுத்தாளை எடுத்து, பின் அடித்து, முத்திரை குத்தி, ஜன்னல் வழியாகக் கொடுக்க வேண்டும். நான் பெற்று வளர்த்த மென்பொருள் அடுத்த அறையில் இருந்தது. அதன் கழிவைப் பொறுக்குகிற வேலை எனக்கு என்று தோன்றியது.

விடுமுறை நாளில் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். மாப்பிள்ளை அந்தத் தலையணைக் கதையை அங்கேயும் அவிழ்த்துவிட்டார். என் தங்கை கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். “சும்மா சிரிச்சேன் அக்கா, இதுக்கெல்லாமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ?” என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. கூட்டத்தில் எரியாத வயிறு அங்கே எரிந்தது. அதைத் தெளிவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று அந்த வீட்டில் சிரிக்காதவர் ஒருவர்தான். மாப்பிள்ளையின் அம்மா. நான் அத்தை என்று கூப்பிடுவேன். வாசலறையில் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் தைத்துக் கொடுப்பவர். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. “சிரிச்சது போதும்டா, அந்தப் பொண்ணு சாப்பிடட்டும்” என்று மகனை அதட்டிவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டார். அத்தைமேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது.

அடுத்ததாக மாப்பிள்ளை பூட்டுகளை எல்லாம் எடுக்க ஆரம்பித்தார். எல்லா பேக்கேஜையும் ஒரே மூச்சில் புதுப்பிக்கப்போவதாக நிர்வாகியிடம் சொல்லியிருந்தார். எடுத்தது அவர். புதுப்பித்தது அவர். அவர் விரல்தான் பொத்தானை அழுத்தியது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் செய்ததெல்லாம் ஒன்றுதான். பூட்டுக்குப் பக்கத்தில் நான் எழுதி வைத்திருந்த காரணத்தை, அதற்குச் சில நாள் முன்பே அழித்திருந்தேன். அது என் குறிப்பு. நான் எழுதியது, நான் அழித்தேன். அப்புறம், சோதனை செய்து பார்க்க மாதிரித் தாள்கள் கேட்டார். அதையும் கொடுத்தேன். நல்ல தாள்கள்தான். எல்லாம் ஒரே வரியில் அடங்குகிற குட்டை வாக்கியங்கள். அத்தனையும் சரியாக அச்சாகின. மாப்பிள்ளை பிரிவுக்கே இனிப்பு வாங்கிக் கொடுத்தார். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

அவர் எல்லார் முன்னாலும் முகம் கறுத்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் அப்போது எனக்கு வேண்டியிருந்தது.

சீக்கிரமே ஒன்று வந்தது. கால் முறிந்து மாவுக்கட்டு போட்ட ஓட்டுநர் ஒருவர். ‘கட்டு காயும் வரை அதன் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம்’ என்பது என் வாக்கியம். அவர் தாளில் வேண்டாம் விழுந்துவிட்டது. மனிதர் வீட்டுக்குப் போய், காயும் வரை தண்ணீர் ஊற்றியிருக்கிறார். ஊற்ற ஊற்ற எப்படிக் காயும்? கட்டு கரைந்து திரும்பி வந்து வரவேற்பறையில் கத்தினார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை ஓடி வந்தார். தாளை வாங்கிப் பார்த்தார், ஓட்டுநரின் தோளில் கை போட்டார். “பிரிண்டர் கோளாறு அண்ணே, மை சரியா விழல. நான் பாத்துக்கறேன்” என்றார். புதுக்கட்டு போட்டு அனுப்பிவைத்தார். எல்லாவற்றையும் பூசி மெழுகியாயிற்று. நிர்வாகி அவரைப் பாராட்டக்கூடச் செய்தார், நோயாளியிடம் நயமாகப் பேசியதற்காக. அச்சுப்பொறியை மட்டும் மாற்றினார்கள்.

என்ன செய்தால் இந்த மனிதருக்கு வலிக்கும் என்று அன்றிலிருந்துதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

நடுவில் என்னைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். தாள்கள் தினமும் என் கை வழியாகத்தானே போயின? ஓட்டுநருக்குப் பிறகு ஒரு தாளைக்கூட நான் அப்படியே விடவில்லை. ஒவ்வொன்றையும் வரி வரியாகப் படிப்பேன். எங்கே வேண்டாம் விழுந்திருக்கிறதோ அங்கே நீலப் பேனாவால் எழுதிச் சேர்ப்பேன். குண்டு குண்டான எழுத்தில், யாருக்கும் புரிகிற மாதிரி. குழந்தைக்குத் தேன் கொடுக்க வேண்டாம். தையல் பிரிக்கும் வரை குனிந்து எடை தூக்க வேண்டாம். எத்தனை பேரை நான் காப்பாற்றியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது. நான் யாரிடமும் நன்றி எதிர்பார்க்கவில்லை.

அப்படியானால் மாப்பிள்ளையிடமே போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கப் போகிறீர்கள். சொன்னால் அவர் ஒரு நிமிடத்தில் பூட்டைத் திரும்பப் போட்டுவிடுவார். அதையும் சிரிப்பாக்கிவிடுவார். என் தங்கையும் சிரிப்பாள்.

அத்தைக்கு வயிற்றில் புண். இரத்த வாந்தி எடுத்து எங்கள் மருத்துவமனையில்தான் சேர்த்திருந்தார்கள். இதயத்துக்காக அவர் வெகுகாலமாக ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தார், இரத்தம் உறைந்து அடைத்துவிடாமல் இருக்க. புண் ஆறும் வரை அதை நிறுத்தியாக வேண்டும். சாப்பிட்டால் உள்ளே இரத்தம் நிற்காது. மாப்பிள்ளை அந்த நாட்களில் ஆளே மாறிப்போனார். அம்மாவின் கட்டில் அருகிலேயே தரையில் உட்கார்ந்திருப்பார். கேலி இல்லை, சிரிப்பு இல்லை. அத்தைக்கு ஒரு கரண்டி தண்ணீர் இறங்கினால் இவருக்கு உயிர் வரும். அவருக்கு வலிக்கிற இடம் இதுதான் என்று நான் தெரிந்துகொண்டேன். தேடிப் போகவில்லை. அதுவாகவே என் கண்ணில் பட்டது.

அத்தை தேறிவிட்டார். வீட்டுக்கு அனுப்புகிற நாள் வந்தது. மருத்துவர் அவசரத்தில் இருந்தார். “எல்லாம் தாள்ல இருக்கு, அது பிரகாரம் குடுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். தாள் என் அறைக்கு வந்தது. நான் வழக்கம்போல் வரி வரியாகப் படித்தேன். இதய மாத்திரைக்கு எதிரே, ‘அடுத்த பரிசோதனை வரை முன்போல் தினமும் காலையில் கொடுக்க’ என்று இருந்தது. நான் எழுதிய வாக்கியம், ‘அடுத்த பரிசோதனை வரை முன்போல் தினமும் காலையில் கொடுக்க வேண்டாம்’ என்பது. இரண்டாம் வரிக்கு இறங்கிய அந்த ஒரு சொல் மட்டும் விழுந்திருந்தது. முதல் வரி கட்டத்தின் ஓரத்தில் ‘கொடுக்க’ என்று கச்சிதமாக முடிந்திருந்தது. அத்தனை பொருத்தமாக ஒரு வாக்கியம் உடைந்து நான் பார்த்ததில்லை.

பேனாவின் மூடியைத் திறந்தேன். அதுவரைக்கும் கை பழக்கத்தில் போய்விட்டது. பிறகு மூடிவிட்டேன். பின் அடித்தேன், முத்திரை குத்தினேன்.

ஜன்னலுக்கு மாப்பிள்ளைதான் வந்தார். பின்னால் சக்கர நாற்காலியில் அத்தை, அதைத் தள்ளிக்கொண்டு என் தங்கை. அத்தை என்னைப் பார்த்து, “நீ ஒரு தடவ பாத்துட்டியாம்மா? நீ பாத்துட்டா எனக்குக் கவல இல்ல” என்றார்.

“பாத்துட்டேன் அத்தை” என்றேன். அது பொய்யில்லை.

மாப்பிள்ளை தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். தினமும் காலையில் அலாரம் வைத்து எழுந்து, அம்மாவின் தலையைத் தாங்கி, தன் கையாலேயே அந்த மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். ஒருநாளும் தவறவில்லை. “இது எதுக்குடா, நிறுத்தினாங்களே?” என்று அத்தை ஒருமுறை கேட்டாராம். “தாள்ல கொடுக்கத்தான் போட்டிருக்கு, அம்மா. அக்கா பாத்துக் குடுத்த தாள்” என்றாராம். என் தங்கை சாவு வீட்டில் இதைச் சொல்லி அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை இப்போது எதையும் புதுப்பிப்பதில்லை என்று கேள்வி. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து அளவு நாடாவைச் சுருட்டுகிறார், பிரிக்கிறார், மறுபடி சுருட்டுகிறார். குற்றம் தன்னுடையதுதான் என்று அவரே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து உங்களிடம் சொன்னாராமே. தன் புதுப்பிப்பு, தன் கை, தன் அம்மா. நீங்களும் கோப்பை மூடிவிட்டிருக்கலாம். மற்ற நோயாளிகளின் தாள்களைத் திரும்ப வாங்கிப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஓட்டுநருக்குப் பிறகு சொல் விழுந்த எல்லாத் தாளிலும் நீல மையில் வேண்டாம். ஒரு தாளில் மட்டும் இல்லை. நான் அவ்வளவு சிரத்தையாக வேலை பார்த்திருக்காவிட்டால் என்னைப் பிடித்திருக்கவே முடியாது. சிரிப்பாகத்தான் இருக்கிறது.

முன்னால் சொன்னதில் ஓர் இடத்தைத் திருத்த வேண்டும். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். அது அப்படியில்லை. கேட்டார். புதுப்பிக்கிறதுக்கு முன்னால் மாப்பிள்ளை அச்சு அறைக்கு வந்தார், தனியாக. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அக்கா, அன்னிக்குக் கூட்டத்துல அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மனசுல வச்சுக்காதீங்க” என்றார். பிறகு, “இந்த எழுத்தளக்கிற பேக்கேஜ மட்டும் ஏன் பூட்டியிருக்கீங்கன்னு புரியல. நீங்க காரணம் இல்லாம செய்ய மாட்டீங்க. எடுக்கட்டுமா, வேண்டாமா?” என்று கேட்டார்.

நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். வாயில் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், சாப்பாட்டு மேஜையில் என் தங்கை சிரித்த சிரிப்பு கேட்டது. “பழைய பழக்கம், மாப்பிள்ளை. எடுத்துடுங்க” என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, எல்லாம் தெரிந்துதான் செய்தேன். அத்தை பிழைக்க மாட்டார் என்று தெரியும். யார் கையால் என்றும் தெரியும். என் மென்பொருள் யாரையும் கொல்லவில்லை. பேக்கேஜ்களின் சண்டையும் கொல்லவில்லை. அவை சொல்லைத் தள்ளிவிட்டன, அவ்வளவுதான். எடுத்து வைக்க அங்கே ஆள் உட்கார்ந்திருந்தது. கொன்றது நான். கடைசியாக ஒரு வரி உண்டு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்: எனக்கு வருத்தம் இல்லை.

இதில் ஒரு பிரதி என் தங்கைக்குப் போகும் என்று தெரியும். உங்கள் அச்சுப்பொறி எப்படி என்று எனக்குத் தெரியாது. அவளுடைய பிரதியில் அந்த வரியின் கடைசிச் சொல் எப்படியாவது விழுந்துவிட்டிருந்தால், தயவுசெய்து யாரும் அதைப் பேனாவால் எழுதிச் சேர்க்க வேண்டாம்.